காவல்மாடன் ஒன்று

வைகாசி பிறந்து மூன்றாம் நாள், காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்க, வெள்ளிப்பொத்தையைச் சுற்றியிருக்கிற காற்றாலைகள் அத்தனையும் மேற்கே முகம் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்த மத்தியானத்தில், பன்னிரண்டு மணி பஸ்ஸிலிருந்து எங்கள் நகல்கள் வந்து இறங்கின. முதல் நடையில் அறுபது, அடுத்த நடையில் அறுபது, இப்படியே நாலு நாள் பஸ் போய்ப் போய் வந்து எழுநூறு நகல்களைக் கொண்டுவந்து சேர்த்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது ஒவ்வொன்றும் தன் அடையாள அட்டையை நீட்டியதாம். அட்டையில் இருந்த முகமும் நீட்டிய முகமும் ஒன்றாகவே இருக்க, அவரும் பேசாமல் விட்டுவிட்டாராம்.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் நாங்கள் எப்படி இருந்தோமோ அப்படியே இருந்தன. தலையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு ஸ்டுடியோவின் நீலத் திரை ஒட்டிக்கொண்டே வந்தது. ஸ்டுடியோக்காரர் இரவல் கொடுக்கிற கறுப்புக் கோட்டு எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் மேல் இருந்தது. மார்புக்குக் கீழே, போட்டோவில் விழாத பகுதியெல்லாம், மை தீர்ந்துபோன ஜெராக்ஸ் மாதிரி மங்கல். சிலதுக்குத் தோளில் பச்சை மையில் அதிகாரியின் கையெழுத்து, சிலதுக்குக் கன்னத்தின் குறுக்கே வட்ட முத்திரை. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை, போட்டோ எடுக்கும்போது சிரிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா.

மாவுமில் சுடலைக்கண்ணு அண்ணாச்சி கம்பு அரைத்துக்கொண்டிருந்தார். தன் முகமே தெருவோடு நடந்து வந்து மில் வாசலில் நிற்பதைப் பார்த்து, பெல்ட்டை நிறுத்தாமலே, "கொஞ்சம் ஓரமா உக்காரும் வே, மாவு பறக்குது" என்றார். அது ஓரமாக உட்கார்ந்தது. பேச்சித்தாயக்கா தன் நகலை வாசலில் வைத்து மேலும் கீழும் பார்த்து, "பன்னெண்டு வருசத்துக்கு முந்தி எடுத்த போட்டோ, கழுத்து எப்பிடி இருக்கு பாருங்க" என்று அதன் மேல் பொறாமைப்பட்டாள். அன்று ராத்திரிச் சோற்றுக்கு எங்கள் வீடுகளில் அரிசி கூடுதலாகப் போட்டோம், நகல்கள் சாப்பிடுவதில்லை என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை, அது எல்லாருக்கும் தெரியும். பவானி நெட்டில் ஏற்றிவைத்த இடத்திலிருந்து வந்தன. ஏன் வந்தன என்று கேட்டோமா என்றால், அதையும் கேட்கவில்லை. வந்தவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்பது எங்கள் ஊரில் மரியாதை கிடையாது.

பவானியிடமும் அப்படித்தான் நாங்கள் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கொங்குச் சீமைப் பக்கமிருந்து புருஷன் தேவராஜோடு ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக வந்து, அண்ணாச்சியின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். தேவராஜ் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிற வேலைக்குப் போனான். அவள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை போட்டாள். இரண்டு பேரும் வேறு வேறு சாதி. அவளுக்கு இரண்டு அண்ணன்மார், எங்கே போய் ஒளிந்தாலும் கண்டுபிடிப்போம், கண்டுபிடித்த அன்றைக்கே முடிப்போம் என்று உறவுக்காரர்கள் நடுவில் சத்தியம் பண்ணியிருந்தவர்கள். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ளப் பார்ப்போம்.

அண்ணாச்சிக்கு மட்டும் ஆரம்பத்திலேயே தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர்கள் கல்யாணத்தைப் பதிவு செய்தபோது மூன்று சாட்சிகளில் அவரும் ஒருவர். மில்லுக்குக் கரண்டு வாங்கிய மனுவைத் தவிர வேறெதிலும் கையெழுத்துப் போட்டறியாத மனுஷன், தன் கையெழுத்து இரண்டு பேர் வாழ்க்கைக்குச் சாட்சியாக நிற்கிறதே என்று பூரித்துப்போய், சான்றிதழ் கைக்கு வந்ததும் அலுவலக வராந்தாவில் அதை வெயிலில் பிடித்துத் தன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்ததை யாரிடமும் காட்டவில்லை. அவ்வப்போது தனியாக எடுத்துப் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. குளம் உடைந்து தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, வடிந்தபோது எங்கள் பத்திரங்கள், பட்டாக்கள், மார்க் ஷீட்டுகள், பிறப்புச் சான்றுகள் எல்லாம் கூழாகியிருந்தன. ஊர் முழுக்க மொட்டை மாடிகளில் காகிதங்களைப் பரப்பி மேலே கல்லை வைத்துக் காயப்போட்டோம். அப்போது பவானிதான் வீடு வீடாக வந்து, மிச்சம் இருந்ததையெல்லாம் ஸ்கேன் எடுத்து, ஆளுக்கொரு கணக்குத் திறந்து நெட்டில் ஏற்றிக் கொடுத்தாள். நாற்பது நாள் வேலை. அவளுடைய கண்ணெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"பூட்டுக்குச் சாவி மாதிரி ஆளுக்கொரு வார்த்தை வேணுமுங்க. வேற யாருக்கும் தெரியாத வார்த்தையாச் சொல்லுங்க" என்று பவானி கேட்டாள்.

எங்கள் ஊரில் கதவைப் பூட்டும்போது வாய்விட்டு, "காவல்மாடா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவோம். வீடானாலும் சரி, மில்லானாலும் சரி, ஆட்டுத் தொழுவமானாலும் சரி. சொல்லாமல் பூட்டினால் பூட்டினதாகவே தோன்றாது.

"காவல்மாடன்னு போடு" என்றாள் பேச்சித்தாயக்கா.

"அது ஊருக்கே தெரிஞ்ச பேரு ஆச்சுங்களே அக்கா."

"தெரிஞ்சா என்ன? அந்தப் பேரைச் சொன்ன எடத்துல எவன் கை வைப்பான்? நீ போடு."

வெறும் பெயர் போதாது, எண் ஒன்றும் வேண்டும் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. "ஒண்ணுன்னு போட்டுக்கோ, சாமி ஒண்ணுதான" என்று சொல்லிவிட்டோம். பேச்சித்தாயக்கா போட்டதையே அடுத்த வீடும் போட்டது, அடுத்த வீடு போட்டதையே அடுத்த தெருவும் போட்டது, எழுநூறு பூட்டுக்கும் காவல்மாடன் ஒன்று என்கிற ஒரே சாவி ஆயிற்று. பவானி வீட்டுக்கு வீடு கெஞ்சினாள். வேறொருவர் நம் கணக்கைத் திறந்தால் எச்சரிக்கைச் செய்தி வரும், அதற்காவது உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள் என்று கேட்டாள். "எங்களுக்கு எங்கதாயி அதெல்லாம் பாக்கத் தெரியும், ஒன் நம்பரையே போட்டுக்கோ" என்று அதையும் அவள் தலையில் கட்டினோம். மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் வாடகைக்கு வந்த ஊரில், நாலு பேர் தன்னை வீட்டுப் பிள்ளையாக நினைக்க வேண்டும் என்று ஏங்கிய பெண், எங்களிடம் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

அண்ணாச்சியின் போனில் அவள் கணக்கைத் திறந்து வைத்த அன்று, அந்தப் போன் தன்னிடமிருந்த படங்களையெல்லாம் தானாகவே மேலே ஏற்றிக்கொண்டது. பேத்தியின் காதுகுத்து, கன்றுக்குட்டி, மில்லின் புது மோட்டார், வராந்தா வெயிலில் எடுத்த சான்றிதழ். அது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

நகல்கள் முதல் வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை. பேச்சித்தாயக்காவின் வீட்டுக்காரர்தான் ரேஷன் கார்டு எண் மறந்துபோய்த் தன் நகலை உலுக்கி உலுக்கிக் கேட்டுவிட்டு, சலித்துப்போய், "காவல்மாடன் ஒண்ணுன்னு அந்தப் புள்ளகிட்டச் சொன்னா அதுவாவது பாத்துச் சொல்லும்" என்று முனகினார். நகலின் வாய் திறந்தது. "பெயர், பேச்சிமுத்து. தந்தை பெயர், இசக்கிமுத்து. பிறந்த தேதி" என்று ஆரம்பித்து, கார்டு எண், கை ரேகை, நிலத்தின் நான்கெல்லை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வரைக்கும் ஒரே குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல், பதினைந்து நிமிஷம் ஒப்பித்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை லேசாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு நகலை அனுப்பினோம், மின்சார அலுவலகத்துக்கு நகலை அனுப்பினோம், மனு நீதி நாளுக்கு ஒரு வேன் நிறைய நகல்களை அனுப்பினோம். ஆரம்பத்தில் அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களுக்கே பிடித்துப்போயிற்று. நகல் நாற்காலி கேட்பதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை, காகிதத்தில் இருப்பதற்கு ஒரு எழுத்துக் கூடுதலாகவும் சொல்வதில்லை. ஆனி மாதக் கடைசியில் பேச்சித்தாயக்கா நேரில் போய் வரிசையில் நின்றபோது, "நீங்க எதுக்கும்மா வந்தீங்க, அதை அனுப்புங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

சிரிக்காதவள் பவானி மட்டும்தான். அவளுடைய நகலும் வந்திருந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது எடுத்த போட்டோ, எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, பயந்த கண். கடையில் ஒரு பெஞ்சில் அது உட்கார்ந்திருக்கும். நாங்கள் எல்லாரும் முறை வைத்து அதனிடம் காவல்மாடன் ஒன்று சொல்லிப் பார்த்தோம். அது எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவள் தன் பூட்டுக்கு வேறு வார்த்தை போட்டிருந்தாள், தேவராஜுக்குக்கூடத் தெரியாத வார்த்தை. "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு காரணம், எங்கெங்க கொண்டுபோவாங்க, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதுலதான் வெச்சிருக்கேன்" என்று அவனிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தையையும் சொல்லேன் என்று அவன் கேட்டதற்கு, உன்னை அடித்துக் கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்றாளாம்.

நகல்கள் பேச ஆரம்பித்த அன்றைக்கே அவள் கடை வாசலில் பலகை எழுதி வைத்தாள். எல்லாரும் வந்து வார்த்தையை மாற்றிக்கொள்ளுங்கள், அரை மணி நேரம்தான் ஆகும். பதினோரு பேர் போனோம். அதில் ஒன்பது பேர் புது வார்த்தையை மறந்து, தாலுகா அலுவலகத்தில் நகல் மௌனமாக நின்று வேலை கெட்டு, திரும்ப வந்து பழைய வார்த்தையையே போடச் சொன்னோம். மற்றவர்கள் கொடை முடியட்டும் என்றார்கள். ஆவணிக் கடைசி வெள்ளி காவல்மாடனுக்குக் கொடைத் திருவிழா, அது முடியாமல் எங்கள் ஊரில் எந்தக் காரியமும் தொடங்குவதில்லை.

அடுத்தவர் நகலிடம் கேட்கலாம் என்பதை யார் கண்டுபிடித்தது என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஒரே நாளில்தான் கண்டுபிடித்தோம். எதிர்வீட்டுக்காரன் எந்த வகுப்பில் பெயிலானான், மேலத்தெருச் சம்பந்தியின் உண்மையான வயது என்ன, யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன மருந்து. தெருவில் இரண்டு பேர் நின்று ஒரு நகலை மறித்துக்கொண்டால், மூன்றாவது ஆள் காதைக் கொடுக்காமல் போவதில்லை. முகத்துக்கு நேரே ஒன்றும் பேச மாட்டோம். எல்லாரைப் பற்றியும் எல்லாருக்கும் தெரியும், தெரியாதது போல எல்லாரும் நடந்துகொண்டோம், அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டோம். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒவ்வொரு முறை ஒரு நகல் வாய் திறக்கும்போதும் பவானியின் போனில் ஒரு செய்தி வந்தது. இன்னாருடைய கணக்கு இப்போது திறக்கப்பட்டது, அது நீங்கள்தானா என்று கேட்கும். முதலில் ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓடி வந்து, "யாருங்க கூப்பிட்டது?" என்று விசாரிப்பாள். ஒரு நாளைக்கு இருபது, பிறகு இருநூறு, ஆடியில் அறுநூறு. கடைசியில் கடை வாசலில் நின்று கண்ணீரோடு சத்தம் போட்டாள்.

"இப்படி வெளையாட்டுக்குத் தெறந்துட்டே இருந்தீங்கன்னா, நெசமாலுமே ஒரு களவாணி வந்து தெறக்கறப்போ எனக்கு எப்படிங்க தெரியும்?"

"களவாணியா? நம்மூருக்கா?" என்று சிரித்தோம். அன்றைக்குப் போனின் சத்தத்தை நிறுத்தி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

ஆடி நடுவில் ஒரு மத்தியானம், மில்லில் மாவுக்குக் காத்திருந்த பெண்கள் பொழுதுபோகாமல் அண்ணாச்சியின் நகலைத் திறந்தார்கள். அது அவருடைய பத்திரங்களை முடித்து, படங்களுக்கு வந்து, கன்றுக்குட்டியைத் தாண்டி, "திருமணப் பதிவுச் சான்றிதழ்" என்றது. மணமகள் பவானி, தகப்பன் பெயர் இன்னது, சொந்த ஊர் இன்னது. மணமகன் தேவராஜ், தகப்பன் பெயர், ஊர். இருவரும் தற்போது வசிப்பது வெள்ளிப்பொத்தை, கீழத்தெரு, கதவு எண் பதினேழு, மாடி. சாட்சி, சுடலைக்கண்ணு. அன்று மாலைக்குள் முழு ஊருக்கும் தெரிந்துவிட்டது, மறுநாள் முதல் அண்ணாச்சியின் நகலுக்குத்தான் கிராக்கி. அது என்ன ஊர், அது என்ன சாதி, மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு.

பவானியிடம் யாருமே சொல்லவில்லை. கடைக்குப் போனோம், ஜெராக்ஸ் எடுத்தோம், முன்னைவிடப் பிரியமாகப் பேசினோம், முருங்கைக்காய் கொண்டுபோய்க் கொடுத்தோம். அண்ணாச்சிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரி கேட்டதற்கு, "சொன்னா அந்தப் புள்ள வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிரும்ட்டி. ராத்திரியோட ராத்திரியாப் போயிரும். பெரியப்பா பெரியப்பான்னு கூப்புட எனக்கு யாரு இருக்கா? கொடை முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லுதேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்களில் யாருமே கெட்டவர்கள் இல்லை, அதுதான் இதில் பயங்கரம்.

அதற்குள் வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கல்யாணத் தரகர்கள் வந்தார்கள், நிலத் தரகர்கள் வந்தார்கள், இன்சூரன்ஸ்காரர்கள் வந்தார்கள், மில் வாசல் நகல் சொல்கிற கல்யாணக் கதையையும் கேட்டுக்கொண்டு போனார்கள். வார்த்தை என்ன என்று அவர்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, மத்தியானம் நாங்கள் கதவைப் பூட்டுகிற நேரத்தில் தெருவில் ஒருமுறை நடந்தால் போதும், காவல்மாடன் பெயர் காதில் விழுந்துவிடும். எண்ணை ஊகிக்க ஒன்றிலிருந்துதானே ஆரம்பிப்பார்கள். கண்ணாடி போட்ட ஒரு மனிதர் நாலு நாள் வேப்பமரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து வாய் திறந்த நகல்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கேட்டு எல்லாவற்றையும் பதிந்துகொண்டார். போகும்போது எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். நீங்கள் யார், எந்த ஊர், எதற்கு இது என்று நாங்கள் கேட்கவில்லை, டீ நன்றாக இருந்தது.

கொடை அன்று வெள்ளைக் கார் ஒன்று வந்தது. இரண்டு பேர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சிரித்த முகம், ஆளுக்கொரு விபூதிக் கீற்று. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். பந்தியில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சாம்பார் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். கை கழுவிவிட்டு, "மாவுமில் எந்தப் பக்கமுங்க?" என்று விசாரித்தார்கள். நாங்கள்தான் வழி காட்டினோம். மூன்று பேர் போட்டி போட்டுக்கொண்டு காட்டினோம்.

மில்லுக்குக் கொடை விடுமுறை. நகல் மட்டும் வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி மஞ்சள் பையோடு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கொங்குப் பேச்சுக் காதில் விழுந்ததும் கதவருகில் அப்படியே நின்றுவிட்டார். அண்ணன்மாரில் மூத்தவன் மரியாதையாகக் குனிந்து, "காவல்மாடன் ஒன்று" என்றான். நகல் வாயைத் திறந்தது. அண்ணாச்சி பாய்ந்து வந்து அதன் வாயைப் பொத்தினார், இரண்டு கையாலும் பொத்தினார், தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அமுக்கினார். அது காகிதத்தில் இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. விரலிடுக்கு வழியாக, அவருடைய சொந்தக் குரலில், கீழத்தெரு என்றது, கதவு எண் பதினேழு என்றது, மாடி என்றது.

"நன்றிங்க பெரியவரே" என்று இளையவன் சொன்னான்.

அண்ணாச்சி ஓடினார். அறுபத்தெட்டு வயது, வேட்டி அவிழ, சந்து வழியாகப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். கோயிலில் மேளம் உச்சத்தில் இருந்தது, சாமி வந்து ஆடிக்கொண்டிருந்தது, "பவானி, பவானி" என்று அவர் கத்தியதை, அருள் வந்து கத்துகிறார் என்று நினைத்து எங்களில் சிலர் கையெடுத்துக் கும்பிட்டோம். கொடைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது கடை திறந்து கிடந்தது, பவானி இல்லை. மாடியில் ஆள் இல்லாததால் அவர்கள் நேராகக் கடைக்கு வந்திருக்கிறார்கள், கீழத்தெருவிலிருந்து கடை எங்கே என்று காட்டியதும் நாங்கள்தான். பெஞ்சில் நகல் உட்கார்ந்திருந்தது. மேசை மேல் போன் கவிழ்ந்து கிடந்தது. பின்னால் வந்த நாங்கள் அதை எடுத்துப் பார்த்தோம். அன்று காலையிலிருந்து அண்ணாச்சியின் கணக்கு திறக்கப்பட்டது என்று நாற்பத்தொரு செய்திகள். நாற்பது நாங்கள்.

தேவராஜ் அந்த நேரம் எண்பது மீட்டர் உயரத்தில், காற்றாலையின் தலையில் உட்கார்ந்து போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தான். செம்மண் பாதையில் ஒரு வெள்ளைக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வடக்கே போவதை மேலிருந்து பார்த்தானாம். கொடைக்கு வந்த யாரோ சீக்கிரமே திரும்புகிறார்கள், சாப்பிட்டார்களோ என்னவோ என்று நினைத்தானாம். இதை அவன் எங்களிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னான்.

மறுநாள் காலையில் அவனோடு நாங்கள் இருபது பேர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அரசாங்க வாசலுக்கு நகல்தான் போக வேண்டும் என்று மூன்று மாதமாக நாங்கள் பழக்கியிருந்ததால், பெஞ்சில் இருந்த பவானியின் நகலும் எழுந்து எங்கள் பின்னால் நடந்து வந்தது. அண்ணாச்சியின் நகலும் வந்தது. திருப்பி அனுப்பத் தோன்றவில்லை, எங்களுக்கு அதுகள் இருப்பதே கண்ணில் படாமல் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பெயர், வயது, அடையாளம் எல்லாம் எழுதினார். பிறகு பவானியின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், தலையை நிமிர்த்தி எங்களுக்குப் பின்னால் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"பேரு சரியா இருக்கு. மொகம் சரியா இருக்கு. சீலு சரியா இருக்கு. அங்கனதான நிக்காவ. பொறவு காணாமப் போனது யாரு?"

"சார், அது அவ இல்ல சார். அது நகலு சார்" என்று தேவராஜ் அலறினான்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "மூணு மாசமா வெள்ளிப்பொத்தைக்காரங்க எல்லாரும் இதைத்தானய்யா ஆளுன்னு சொல்லி அனுப்பிச்சிய? போன வாரம் ஒரு வழக்குக்கு வாக்குமூலமே இதுககிட்டதான வாங்குனோம். அதெல்லாம் ஆளு, இது மட்டும் ஆளு இல்லையா?" என்று எங்களைக் கேட்டார். "அண்ணன்மாரு கூட்டிட்டுப் போனதுக்கு அத்தாட்சி இருக்கா? அந்தப் பொண்ணு எதும் எழுதிக் குடுத்திருக்காவளா?"

"எழுதி வச்சிருக்கா சார். இதுக்குள்ளதான் இருக்கு" என்று தேவராஜ் நகலைக் காட்டினான்.

"அப்ப சொல்லச் சொல்லும்."

அது எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மேற்படி பெண் நேரில் ஆஜர், புகார் முடித்து வைக்கப்படுகிறது என்று அவர் எழுதினார். கீழே சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார். அண்ணாச்சி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, சத்தமில்லாமல் அழுதார். அவருடைய நகல் முன்னால் வந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டது. சான்றிதழில் இருந்த அதே கையெழுத்து, ஒரு சுழி மாறவில்லை.

"கூட்டிட்டுப் போங்க" என்றார் இன்ஸ்பெக்டர், தேவராஜிடம்.

அவன் கூட்டிக்கொண்டு வந்தான். மாடி அறையில் அதை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பார்க்கிறான். அவள் அம்மாவின் பெயர், படித்த பள்ளிக்கூடத்தின் பெயர், முதன்முதலில் பேசிக்கொண்ட பஸ்ஸின் நம்பர், பிறக்காமலே போன குழந்தைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். வேலைக்குப் போவதில்லை, சாப்பிடுவதில்லை. நாங்களும் ஆளுக்கொரு வார்த்தை எழுதிக்கொண்டுபோய்க் கொடுக்கிறோம், கீழே படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து காத்திருக்கிறோம். இன்றோடு நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. அவள் நல்ல வார்த்தையாகத்தான் வைத்திருக்கிறாள்.